செருப்பு வந்த வழி

மூன்றாவது ஜோடிச் செருப்பும் கச்சிதமான அளவில்தான் இருந்தது.

மஞ்சள் நிறம். வாரில் ஒரு பிளாஸ்டிக் பூ. ஆறு வயதுப் பெண் குழந்தை யாராக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் காலை நுழைத்துவிடும். அதை மேஜைமேல் வைத்த டீச்சரோ, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வந்தவள்போல் கையை உதறிக்கொண்டாள்.

"நேத்து பாப்பா ஸ்கூல் வாட்ச்மேன் குடுத்தார்மா. 'பாப்பாவோட அப்பா வந்தார், தங்கமான மனுஷன், இதைக் குடுத்துடச் சொன்னார்'னு சிரிச்சுக்கிட்டே குடுக்கிறார்."

ஆபரேட்டரம்மா செருப்பைத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர் அவர். ஊர்க் காதலும் ஊர்ச் சண்டையும் அவர் காது வழியாகத்தான் போயின. ஒன்றுகூட வாய் வழியாக வெளியே வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு இரண்டாம் மாடியில் ஓர் அறை பிடித்து, ஆடாத மேஜை ஒன்றும் அடங்காத உதவியாளன் ஒருவனும் துணையாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறார். உதவியாளனுக்கு வெடி என்று பெயர். வாயைத் திறந்தால் அதுதான் நடக்கும்.

"அக்கா, செருப்பு அனுப்புற வில்லனை இப்பதான் பார்க்கிறேன்" என்றான் வெடி. "பூவோட வேற. ஆளுக்கு ரசனை இருக்கு."

"அந்த ரசனைக்காரன்தான் இவ மணிக்கட்டை உடைச்சவன். கொஞ்சம் வாயை மூடு."

வெடி மூடினான். டீச்சரின் இடது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. கணவனைவிட்டு வந்து எட்டு மாதம். அவன் இவளையும் குழந்தையையும் தேடவோ நெருங்கவோ கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமையோடு அது முடிகிறது. இன்று செவ்வாய். பெண் இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "அப்பன் பொண்ணுக்குச் செருப்பு வாங்கித் தந்தான்னு நான் எப்படிம்மா கேஸ் எழுதுறது? தேடித்தான் வர்றான்னு காட்டுங்க. இல்லேன்னா நீட்டிக்க மாட்டாங்க."

"மூணு வீடு மாத்திட்டேன்" என்றாள் டீச்சர். "போன் மாத்தினேன், நம்பர் மாத்தினேன். ஸ்கூல்ல வகுப்பு எடுக்கிறதை விட்டுட்டு வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து போன்ல கணக்கு சொல்லித் தர்றேன். தண்ணி கேன் போடுறவர்கிட்ட ஒரு பேர், கூரியர்காரர்கிட்ட ஒரு பேர். சொல்லாத பொய் இல்லம்மா. எப்படியும் வந்து நிக்கிறான். நாலாவது வீட்டுக்கு எனக்குத் தெம்பு இல்லை."

வெடி அவள் கைபேசியைக் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தான். "அக்கா, இதைக் கேளுங்க. டார்ச் லைட்டுக்குன்னு ஒரு ஆப். அதுக்கு இவங்க இருக்கிற இடம் தெரியணுமாம், மைக் வேணுமாம், போன்ல இருக்கிற எல்லார் நம்பரும் வேணுமாம். வெளிச்சம் போடுறதுக்கா, வீட்ல பொண்ணு எடுக்கிறதுக்கா? இதுலதான் ஓட்டை. எவனோ வித்திருக்கான், புருஷன் வாங்கியிருக்கான்."

"அழிச்சுடு. ஆனா ஓட்டை அதுல இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

ஆபரேட்டரம்மா விரலை மடக்கினார். "முதல் செருப்பு எங்க வந்துச்சு?"

"தெருமுனை மளிகைக் கடையில" என்றாள் டீச்சர்.

"ரெண்டாவது?"

"துணி தேய்க்கிறவர்கிட்ட. போட்டோவைக் காட்டி, 'இந்தப் பாப்பா வந்தா குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"மூணாவது வாட்ச்மேன். ஒரு தடவைகூட உன் வாசல்ல வைக்கல. ஏன்?"

"கூச்ச சுபாவம்" என்றான் வெடி.

"வாசல் தெரியாது. போன் காட்டிக் குடுத்திருந்தா நேரா கட்டில் காலுக்கே வந்து நின்னிருப்பான். அவனுக்குப் பேட்டை தெரியுது, கதவு தெரியல. பேட்டைக்குள்ள வந்து போட்டோவைக் காட்டி விசாரிக்கிறான். இவனும் ரொம்ப நல்லவன் மாதிரி பேசுறான், அவங்களும் ரொம்ப நல்லவங்க மாதிரி உதவி பண்றாங்க." அவர் இரண்டாவது விரலை மடக்கினார். "பாப்பா கால் இந்த எட்டு மாசத்துல வளர்ந்திருக்கா?"

"ரெண்டு சைஸ் ஏறியிருக்கு."

"மூணு ஜோடியும் பொருந்துச்சா?"

டீச்சர் செருப்பைப் பார்த்தாள். மெல்லத் தலையாட்டினாள்.

"எட்டு மாசமா பிள்ளையைக் கண்ணால பார்க்காதவனுக்குக் கால் அளவு எப்படித் தெரியும்? யார் அளந்தது?"

"யாரும் அளக்கலைம்மா. நான்கூட..." பாதியில் நின்றாள். "மருந்துக் கடை."

"சொல்லு."

"பாப்பாவுக்கு மூச்சு இழுப்பு. மாசா மாசம் இன்ஹேலர் வாங்கணும். அந்தக் கடையில பிள்ளைங்க ஏறி நிக்க ஒரு மேடை வெச்சிருக்காங்க, ஒட்டகச்சிவிங்கி படம் போட்டு. எடை, உயரம் காட்டும். தட்டைப் பாதமான்னு பாதத்தையும் அளக்கும். எல்லாம் இலவசம். அதுல ஏறலாம்னு சொன்னாத்தான் பாப்பா மருந்துக் கடைக்கே வருவா. மூணு வீட்டுக்குப் பக்கத்துலயும் அதே கடையோட கிளை இருந்துச்சு."

"அங்க என்ன பேர் குடுத்த?"

"என் பேர் பொய். நம்பரும் பொய்." குரல் தணிந்தது. "பாப்பா பேரும் பிறந்த தேதியும் மட்டும் நிஜம்."

"எல்லா இடத்துலயும் பொய் சொன்னவ, அங்க மட்டும் ஏன்டி நிஜத்தைச் சொன்ன?"

"மருந்தும்மா! வயசை மாத்திச் சொல்லி, அளவு மாத்திக் குடுத்துட்டா? அதுல பொய் சொல்ல மனசு வரலை."

பெற்றவளுடைய ஒரே ஒரு உண்மை. அது போய் விழுந்த இடம் அந்தக் கடை. ஆபரேட்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இன்ஹேலர் எவ்வளவு மிச்சம்?"

"பதினோரு தடவை அடிக்கலாம். மூணு நாளைக்குக்கூட வராது."

வெடி சட்டைக் கையை மடித்துவிட்டான். "கவுன்ட்டர்ல எவனோ கை நீட்டியிருக்கான் அக்கா. எந்தக் கைன்னு மட்டும் காட்டுங்க."

*

கடை பளபளவென்று இருந்தது. குளிர் சாதனத்தின் காற்றில் எலுமிச்சை வாசனை. வாசலிலேயே ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிச் சிரித்தது. நாலு வயதுப் பையன் ஒருவன் அதன் காலடியில் நிற்க, கருவி "சபாஷ்!" என்றது. அவன் அம்மா கை தட்டினாள். ஆபரேட்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கவுன்ட்டர் பெண்ணிடம் வெடி இருமல் மிட்டாய் கேட்டான்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"இருமல் மிட்டாய்தான்மா கேட்டேன். சம்பந்தம் பேச வரலை."

"பில் போட நம்பர் வேணும் சார். பிறந்த நாள்? வீட்ல எத்தனை பேர்? யாருக்காவது சுகர், பிரஷர்?"

"எனக்கு இருமலே நின்னு போச்சு" என்று வெடி ஒதுங்கினான். அந்தப் பெண்ணையும் பக்கத்திலிருந்த இளைஞனையும் முறைத்து, "இதுல எது திருட்டு முழி?" என்று கிசுகிசுத்தான்.

"ரெண்டும் தூக்கம் இல்லாத முழி. பேசாம வா."

மேனேஜர் உள்ளேயிருந்து வந்தார். வழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, குழந்தைக்குச் சோறூட்டும் குரல். "சொல்லுங்கம்மா, என்ன உதவி வேணும்?"

எங்களைப் பற்றி யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால் எந்தக் கடைக்காரனும் வாயை மூடிக்கொள்வான். முப்பது வருட அனுபவத்தில் ஆபரேட்டரம்மாவுக்கு அது தெரியும். இணைப்பு போனதா என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். இணைப்பே வரவில்லை என்று சண்டை பிடித்தால் போன கதை முழுவதையும் எடுத்து வைப்பார்கள்.

"உதவியா? என் தம்பி கொதிச்சுப்போய் இருக்கான். நான் பாப்பாவுக்கு அத்தை. பிள்ளைக்கு மாசா மாசம் உங்ககிட்ட மருந்து வாங்குறோம். உங்க மெசேஜ் ஒண்ணுகூட அவனுக்கு வர்றதில்லையாமே! என்ன கடை நடத்துறீங்க?" குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரு மூச்சில் சொன்னார்.

மேனேஜரின் முகம் நிஜமாகவே வாடியது. "வராம இருக்காதும்மா! எங்க சிஸ்டம் அப்படி இல்லை." விசைப்பலகையைத் தட்டினார். முகம் மலர்ந்தது. கணினித் திரையை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. ஒண்ணு விடாமப் போயிருக்கு."

ஆபரேட்டரம்மா படித்தார்.

*அன்புள்ள குடும்பத் தலைவரே! உங்கள் செல்ல மகளின் மருந்து இன்று காலை 10.12 மணிக்கு எங்கள் ஏரிக்கரைக் கிளையில் வழங்கப்பட்டது. அவள் நலம் பெற வாழ்த்துகிறோம்.*

அடுத்தது, அதே நாள், இரண்டு நிமிடம் கழித்து.

*உங்கள் செல்ல மகள் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள்! அவளுடைய புதிய பாத அளவு இதோ. எங்கள் தோழமைக் காலணிக் கடையில் இந்த வாரம் மட்டும் சிறப்புச் சலுகை.*

எட்டு மாதமும் இப்படியே. மூன்று கிளைகள். நாள், நேரம், எடை, உயரம், பாதம். செல்ல மகள், செல்ல மகள் என்று ஒவ்வொரு வரியிலும் வழிந்தது.

வெடி மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"இதை அனுப்பச் சொல்லி யார் கேட்டா?" என்று கேட்டார் ஆபரேட்டரம்மா.

"யாரும் கேட்கவே வேணாம்மா, அதான் இதுல விசேஷம்! உங்க தம்பி நாலு வருஷம் முன்னாடி எங்க கடையோட குடும்பக் கார்டு வாங்கியிருக்கார். அப்புறம் பாப்பா எந்தக் கிளைக்கு வந்தாலும், யார் கூட்டிட்டு வந்தாலும், பேரும் பிறந்த தேதியும் ஒத்துப்போச்சுன்னா சிஸ்டமே பழைய கணக்கோட சேர்த்துடும். குடும்பம் பிரிஞ்சுடக் கூடாது பாருங்க!"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்க மாட்டீங்களா?"

"மருந்து வாங்குறப்பவே சம்மதம்னு கையெழுத்து போட்டிருப்பாங்களே. பில்லுக்குப் பின்னாடி எல்லாம் அச்சடிச்சிருக்கு."

வெடி கவுன்ட்டரிலிருந்து ஒரு பில்லை எடுத்துத் திருப்பினான். கடுகை வரிசையாக நிறுத்தியதுபோல் எழுத்து. "இதைப் படிக்க முதல்ல உங்ககிட்டயே கண்ணுக்கு மருந்து வாங்கணும் போலிருக்கே?"

"வாங்கலாமே சார்!" என்றார் மேனேஜர், சந்தோஷமாக.

"சரி, பாப்பா பேரை இதுலேருந்து எடுக்கணும்னா?"

"குடும்பத் தலைவர் போனுக்கு ஓ.டி.பி. வரும். அவர் சம்மதிச்சா எடுத்துடலாம். அந்தரங்கம் ரொம்ப முக்கியம்மா, கண்டவங்க கேட்டா நாங்க கை வைக்க மாட்டோம்."

ஆபரேட்டரம்மா அந்த முகத்தையே பார்த்தார். லஞ்சம் வாங்கியவன் ஒருவன் அகப்பட்டிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஒரு திருட்டு முழி, நடுங்குகிற ஒரு கை, காலரைப் பிடித்தால் காலில் விழுகிற ஓர் ஆள். இங்கே குற்றவாளி என்று ஒருவன்கூட இல்லை. கையை முறித்தவனுக்கு எட்டு மாதமாக வழி சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வாழ்த்துச் செய்தி. காசுகூட வாங்காமல். வாயெல்லாம் பல்லாக.

"உங்க நம்பரும் குடுத்தீங்கன்னா, அத்தை என்கிற முறையில உங்களையும் சேர்த்துடுவேன்" என்றார் மேனேஜர்.

தெருவுக்கு வந்ததும் ஆபரேட்டரம்மா சாக்கடையோரமாகத் துப்பினார். அவர் தெருவில் துப்பி வெடி பார்த்ததே கிடையாது.

"கல்லு பொறுக்கவா அக்கா? கண்ணாடி பெருசா இருக்கு."

"வேணாம். மூட முடியாத குழாயை உடைச்சு என்ன பண்ண? தண்ணி எங்க பாயணும்னு நாம திருப்பி விடுவோம்." கைபேசியை எடுத்தார். "இந்தக் கடைக்கு எத்தனை கிளை?"

"மூலைக்கு மூலை இருக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்லகூட ஒண்ணு..." சொல்லிக்கொண்டே வந்த வெடியின் கண்கள் விரிந்தன. "அடி சக்கை!"

*

புதன் காலை பத்து நாற்பதுக்கு, டீச்சரின் வீட்டிலிருந்து ஊரின் மறுகோடியில், 'அத்தை' ஆபரேட்டரம்மா மருந்துச் சீட்டை நீட்டி இன்ஹேலர் வாங்கினார். கவுன்ட்டர் பெண் வாழ்த்தினாள். செய்தி கிளம்பியிருக்கும்.

எதிர்ப்புறம் காவல் நிலையத்தின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒரு பேப்பர் கடை; நிலையத்தின் வாசலும் பெயர்ப் பலகையும் அடுத்த தெருவைப் பார்த்து இருந்தன. அன்று அதில் சாதாரணப் புடவையில் உட்கார்ந்திருந்தவர் இன்ஸ்பெக்டர். மருந்துக் கடைக்குள்ளிருந்து வெடி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒருவேளை இன்னைக்கு அவனுக்கு வேற வேலை இருந்தா?"

"இதைவிட முக்கியமான வேலை அவனுக்கு என்ன இருக்கு?"

பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தான். நல்ல உயரம், நல்ல சட்டை, கையில் ஒரு அட்டைப்பெட்டி. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு நேராகப் பேப்பர் கடைக்குப் போய், மரியாதையாகத் தலையைச் சாய்த்து, சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்தான்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. இந்தப் பாப்பாவை இந்தப் பக்கம் பார்த்திருக்கீங்களா? என் பொண்ணுதான். அவ அம்மாவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை. எங்கெங்கயோ தூக்கிட்டு அலையுறா. எட்டு மாசமா நானும் தேடாத இடமில்லை."

"எட்டு மாசமாவா தேடுறீங்க?"

"ஒரு நாள் விடாம."

"ஐயோ பாவம். கோர்ட்டு கேஸு எதுவும் இல்லையே தம்பி? வம்பு வந்துடப் போகுது."

"அது கிடக்குது அக்கா. தேடக் கூடாதுன்னு ஒரு காகிதம் குடுத்திருக்காங்க. பெத்தவனைக் காகிதம் தடுக்குமா?"

"அதானே" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். "வாங்க, அவளைப் பத்தித் தெரிஞ்சவங்க உள்ளேதான் இருக்காங்க." பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அவன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். அங்கே மேஜைக்குப் பின்னால் நாலு சீருடைகள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அது எந்தக் கட்டடம் என்று அவனுக்கு விளங்கியது.

ஆனாலும் அவன் கலங்கவில்லை. நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து கைபேசியை எடுத்து நீட்டினான். "நீங்களே பாருங்க மேடம். நான் யாரையும் வேவு பார்க்கலை. யாருக்கும் காசு குடுக்கலை. நான் கேட்கவே இல்லை, அவங்களா சொல்றாங்க. என் போனுக்கு மெசேஜ் வந்தா நான் என்ன பண்றது?"

"மெசேஜ் வந்தது போனுக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "நடந்து வந்தது உன் காலு."

*

வெள்ளிக்கிழமை உத்தரவு மூன்று வருடத்துக்கு நீண்டது. கூடவே இன்னொன்று: குழந்தையின் பெயரை அவனுடைய கார்டிலிருந்து இன்றைக்கே, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நீக்க வேண்டும்.

மாலை நாலு மணி. இன்ஸ்பெக்டரின் அறை. மேஜையின் ஒரு பக்கம் அவன், காவலோடு. மறுபக்கம் டீச்சர், கதவை ஒட்டிய நாற்காலியில். நடுவில் அவனுடைய கைபேசி. மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஆப்பைத் திறந்தார். ஓ.டி.பி. வந்தது, போட்டார்.

"இப்ப எதுக்கு நீக்குறோம்னு காரணம் கேட்கும் மேடம். அதைத் தொட்டா முடிஞ்சது."

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "என்னய்யா இது? ரெண்டே காரணம்தான் இருக்கு?"

ஒன்று: *உறுப்பினர் திருமணமாகி வேறு குடும்பத்துக்குச் சென்றுவிட்டார்.*

இரண்டு: *உறுப்பினர் இறந்துவிட்டார்.*

"ஆறு வயசுப் பிள்ளைக்கா?" என்றான் வெடி.

"சிஸ்டம் அப்படி சார். வேற காரணம்னு ஒண்ணு வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்..."

"முதலாவதைத் தொட்டா?"

"புதுக் குடும்பத் தலைவரோட நம்பரைக் கேட்கும் மேடம். அது இல்லாம நகராது."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் மார்போடு இழுத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்கூட வந்திருந்தது. "எதை வேணா செய்யச் சொல்லுங்க மேடம். என் பொண்ணு செத்துட்டான்னு என் கையால நான் அழுத்த மாட்டேன். நான் பெத்தவன்." ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்தான். "அவளை வேணா அழுத்தச் சொல்லுங்க."

ஆபரேட்டரம்மாவுக்கு ஒரு கணம் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தக் கண்ணீரையா, அந்தத் திரையையா, "தொட்டா போதும் மேடம்" என்று பொறுமையாகக் காத்திருந்த அந்த மேனேஜரையா?

"நான் தொடுறேம்மா" என்று ஆபரேட்டரம்மா எழுந்தார்.

"வேணாம்." டீச்சர் அதற்குள் மேஜையருகே வந்துவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு அத்தனை பக்கத்தில். "அவ பேரு என் பொறுப்பு."

மடங்காத இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வலது கையின் ஆள்காட்டி விரல் திரைக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. காவலர் ஒருவர் தொண்டையைச் செருமினார். டீச்சர் இரண்டாவது வரியைத் தொட்டாள்.

கைபேசி கிணுகிணுத்தது. *உங்கள் குடும்பத்தின் துயரில் பங்குகொள்கிறோம்.*

"இனிமே இந்தப் பேர்ல எந்தக் கிளையிலயும் மருந்து குடுக்க முடியாது மேடம்" என்று மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இறந்தவங்க கணக்குன்னு வந்துடும். வேற கடை பார்த்துக்கணும்."



டீச்சர் வராந்தாவுக்கு நடந்துபோய்த் தன் கைபேசியை எடுத்தாள். குழந்தை பக்கத்து வீட்டில் இருந்தது. மணி அடித்தது. இரண்டு, மூன்று. நாலாவதில் எடுத்தார்கள்.

"அக்கா, பாப்பாகிட்ட குடுங்க... இல்லக்கா, ஒண்ணும் இல்ல. சீக்கிரம் குடுங்க." சுவரில் சாய்ந்து, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "பாப்பா? அம்மாதான்டி. என்ன பண்ற...? ஒண்ணும் இல்லைடா. சும்மா பேசு. எதையாவது பேசிட்டே இரு."